ஏழு பேர்ச் காணியும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியும்

ஆண்டியப்பனின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகச் சொத்துத் தகராறு வந்ததில்லை. அண்ணன் தம்பிகள் அவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரித்துக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. அவருடைய அப்பா செத்தபோது விட்டுப் போனது ஒரு கவ்வாத்துக் கத்தி, ஒரு கம்பளி. கத்தியை இவர் எடுத்துக்கொண்டார், கம்பளியைத் தம்பி எடுத்துக்கொண்டான். குடியிருந்த லயத்து அறை தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் யாரும் ஆசைப்பட முடியாது.

அந்தக் கத்தியோடு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினார். ஓய்வின்போது கிடைத்த சேமலாப நிதி மூத்த மகளின் கல்யாணத்தோடு தீர்ந்தது. பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அறுபத்தொன்பதாவது வயதில், ஒரு வீட்டுத் திட்டத்தில் அவர் பேருக்கு ஒரு வீடு மட்டும் கொள்ளும் ஏழு பேர்ச் காணியும், இரண்டு அறை வீடும், அதற்கான உறுதிப் பத்திரமும் கிடைத்தன. பனியில் உறுதி நமுத்துவிடும் என்று மறுநாளே ஹட்டனுக்குப் போய் லெமினேட் செய்துகொண்டு வந்தார்.

வீடு வந்த மாதமே பிள்ளைகளுக்கு அப்பாவின் ஞாபகமும் வந்தது.

கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் விஜிதரன் மாதம் ஒருமுறை ரயிலேறி வந்தான். ஸ்வெட்டர் வந்தது, டோர்ச் வந்தது, பெரிய எழுத்துப் போன் வந்தது. றொசல்லயில் கட்டிக்கொடுத்த மூத்தவள் கிருஷாந்தி ஞாயிறு தவறாமல் கோழிக்கறி கொண்டுவந்தாள், கால் துண்டு அப்பாவுக்கென்று தனியாக. கூடவே இருந்த இளையவள் நிஷாந்தி மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. இருந்ததையும் எடுத்தாள். பராமரிப்புப் படித்து, தலவாக்கலையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். முதலில் உப்பை எடுத்தாள், பிறகு வெற்றிலையை, கடைசியில் சாயங்காலச் சாராயத்தை.

"வீட்ட யாருக்குப்பா எழுதப் போறீங்க?" என்று யார் கேட்டாலும் ஆண்டியப்பன் கூரையைப் பார்ப்பார்.

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

அந்த யோசனைக்கு மாதம் நாலு கோழி கிடைத்தது. யோசித்து முடித்தால் கோழி நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அப்படியே ஓட்டியிருப்பார். புரட்டாசி மாதம் விஜிதரன் போன் எடுத்தான்.

"அப்பா, வெள்ளவத்தையில ஒரு சின்னக் கட தோதா வருது. வீட்ட ஈடு வெச்சா அட்வான்ஸ் கட்டிறலாம். தீபாவளிக்கு வர்றப்ப எம் பேருக்கு எழுதிக் குடுத்துருங்க."

அவனைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷமாகத் துணி மடிக்கிறான். முதலாளியின் மகன் நேற்று வந்தவன். அப்பா சாவியைக் கையில் கொடுத்ததும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். விஜிதரனுக்குக் கொடுக்க ஆண்டியப்பனிடம் இருந்ததும் ஒரே ஒரு சாவிதான். கிருஷாந்தியோ வீட்டை விற்று மூன்று பங்கு போடச் சொன்னாள். அவள் மகளுக்குப் படிப்புச் செலவு இருந்தது.

நிஷாந்தி பங்கு கேட்கவில்லை. "தீபாவளிக்குள்ள யாருக்குன்னு சொல்லிறுங்க. இல்லத்துல எனக்கு ரூம் தர்றேங்கிறாங்க. நான் பொட்டி கட்டணுமா வேணாமான்னு தெரியணும்" என்றாள்.

"அப்ப என்னைய யாரு பாக்குறது?"

"வீட்டுக்காரவங்க பாப்பாங்க."

ஆண்டியப்பன் மேசைமேல் இருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார். ஏழு நாளுக்கு ஏழு மூடி. எந்த மாத்திரை பிரஷருக்கு, எது சீனிக்கு என்று அவருக்குத் தெரியாது. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு, உறுதி எழுதும் நொத்தாரிசு இஸ்ஸதீனிடம் போனார்.

இஸ்ஸதீன் லெமினேட் உறுதியை விரலால் தட்டிப் பார்த்தார். "ஹோட்டல் மெனு மாதிரி செஞ்சி வெச்சிருக்கீங்களே ஐயா." பிறகு கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார். "இத பத்து வருஷத்துக்கு விக்க ஏலா, ஈடு வெக்கவும் ஏலா. புள்ளைங்கள்ல ஒராளுக்கு எழுதலாம். எழுதினாலும் இந்தக் கட்டுப்பாடு கூடவே போகும்."

"அப்ப இது எதுக்குத்தாங்க ஒதவும்?"

"குடியிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஆண்டியப்பன் குரலைத் தாழ்த்தினார். "இத இப்ப அவங்ககிட்ட சொல்ல வேணாம் புள்ள."

"ஏன்?"

"தீபாவளி வரட்டும்."

"கோழிக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னும் அஞ்சு ஞாயிறு இருக்கு."

"அண்ணன் அட்வான்ஸ கிட்வான்ஸ கட்டிறாம பாத்துக்கங்க. அத மட்டும் இன்னிக்கே சொல்லணும்" என்றாள் நிஷாந்தி. "கோழியும் வரட்டும். ஆனா கொழுப்பு ஆகாது, தோல உரிச்சிருவேன்."

அன்றே மகனுக்குப் போன் எடுத்து, அவசரப்பட்டு யாருக்கும் காசு கொடுத்துவிடாதே, இன்னும் யோசிக்கிறேன் என்றார்.

தீபாவளியன்று விஜிதரன் அப்பாவுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு வந்தான். கிருஷாந்தி பெரிய சட்டியோடு வந்தாள். சோறு முடியும்வரை ஆண்டியப்பன் சாப்பிடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை. கை கழுவி வந்து, நொத்தாரிசு சொன்னதை ஒரே மூச்சில் சொன்னார்.

"இது எப்பப்பா தெரியும்?" என்றான் விஜிதரன்.

"பொரட்டாசியில."

கிருஷாந்தி விரல் விட்டு எண்ணினாள். "அப்ப இந்த அஞ்சு கோழி?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

விஜிதரனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. "பத்து வருஷம் கழிச்சி எனக்கு அம்பத்திரெண்டு வயசுப்பா."

ஆண்டியப்பன் லெமினேட் உறுதியை எடுத்து மேசைமேல் வைத்தார். "விக்க முடியாது, ஈடு வெக்க முடியாது. அப்புறம் இது குடியிருக்கிறவளுக்குத்தான். நிஷாந்திக்கு எழுதுறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் எப்ப வந்தாலும் படுக்க எடமிருக்கு" என்றார்.

"பாய் கொண்டாந்துறணும்" என்றாள் நிஷாந்தி.

விஜிதரன் சப்பாத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அது அவன் காலுக்குச் சேரவும் சேராது. பின்னேர ரயிலுக்கு, வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்பே கிளம்பிப் போனான்.

அடுத்த வாரம் உறுதி எழுதியாயிற்று. சாகும்வரை ஆண்டியப்பன் அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரியை நிஷாந்தியே சொல்லிச் சேர்க்க வைத்தாள். இல்லத்து அறையை வேண்டாமென்றும் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு கிருஷாந்தி வரமாட்டாள் என்றுதான் ஆண்டியப்பன் நினைத்தார். பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சட்டியை மேசையில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற தங்கையோடு பேசப் போனாள். ஆண்டியப்பன் மூடியைத் திறந்து கரண்டியால் அடிவரை துழாவினார். கழுத்து இருந்தது, செட்டை இருந்தது, பாதி ஈரல் இருந்தது.

"கால் துண்டு எங்கம்மா?"

குசினியிலிருந்து கிருஷாந்தியின் குரல் மட்டும் வந்தது.

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன்ப்பா."