யானையின் தும்பிக்கையில் ஊசிமுனை

போடிமெட்டு வளைவில் எஸ்டேட் ஜீப்பு கவிழ்ந்ததில் குருவம்மாளுக்கு இடது கால் முறிந்தது. எலும்பு கூடினாலும் மலையேறும் தெம்பு போய்விட்டது. ஏலத்தோட்ட வேலை தவிர வேறெதுவும் அறியாதவள், புருஷனையும் பறிகொடுத்தவள், போடியில் ஒற்றை அறை வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஏலக்காய் வியாபாரி வீட்டம்மா தேவகிருபை அவளைத் தேடி வந்தார்.

"காலுதான போச்சு, கை நல்லாத்தான இருக்கு? தைக்க வாறியா குருவு?"

வெளிநாட்டுக்குத் துணிப் பொம்மை அனுப்பும் எண்ணம் தேவகிருபைக்கு. துணியில் யானை, உள்ளே போடி இலவம்பஞ்சு. ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் தைக்க உட்கார்ந்தார்கள். குருவம்மாள் அவர்களுக்கு மேஸ்திரி ஆனாள்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் கேட்டதால் அனுப்பிய முதல் மாதிரி பரிசோதனையில் தேறவில்லை. சாயம் போகிறதாம். பஞ்சில் விதை கிடக்கிறதாம். இழுத்துப் பார்க்கும் மிசினில் பொத்தான் கண் பிய்ந்து வந்துவிட்டதாம்.

"பொம்மைக் கண்ணப் புடுங்குறதுக்கு ஒரு மிசினா அக்கா?" குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"பச்சப்புள்ள வாயில வைக்கும்ல? அந்தப் பொத்தான் தொண்டையில சிக்குச்சுன்னா?"

சிரிப்பு அடங்கியது. பொத்தானை விட்டுக் கறுப்பு நூலால் கண்ணைத் தைத்தார்கள். பஞ்சை உதறி விதை பொறுக்கினார்கள். சாயம் நிற்கும் துணிக்கு மதுரை வரை அலைந்தார் தேவகிருபை. அடுத்த மாதிரி தேறியது. பொம்மைக்குள் இரும்புத் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்பது கடைசிக் கட்டளை. ஊசி ஒடிந்தால் இரண்டு துண்டையும் கொடுத்தால்தான் புது ஊசி என்று குருவம்மாள் சட்டம் போட்டாள்.

முதல் லோடு கட்டி, தூத்துக்குடிக்குப் போகும் லாரி வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது தைக்கும் பெண்களில் ஒருத்தியான மொக்கம்மாள் வந்து குருவம்மாளின் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா, எங்கிட்ட ஒரு ஊசி ஒடிஞ்சுச்சு. முனையக் காணோம். நீ வைவேன்னு வீட்டு ஊசியக் கொண்டாந்து தச்சுட்டேன். எந்த யானையின்னு தெரியல."

குருவம்மாளுக்கு அடிக்கக் கை ஓங்கியது. மறுகணமே ஓர் எண்ணம் அவளை நிறுத்தியது. இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு ஊரில், எந்தப் பிள்ளையின் வாயிலோ...

தேவகிருபையிடம் சொன்னாள். அவர் லாரிக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்க கெளம்புங்க. இந்தக் கப்பல்ல நம்ம சரக்கு போகல" என்றார்.

ஏன் தாமதம் என்று மறைக்காமல் ஜெர்மனிக்குத் தந்தி கொடுத்தார். ரேடியோ ரிப்பேர்க் கடை வெள்ளைத்துரை பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு யானையாகப் பிரித்து, பஞ்சை வெள்ளை வேட்டியில் பரப்பி, காந்தத்தை ஓட்டினார்கள். கூப்பிடாமலே அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் பொழுது சாயும் வேளையில், ஒரு தும்பிக்கைப் பஞ்சிலிருந்து அந்த முனை காந்தத்தில் வந்து ஒட்டியது. பிள்ளைகள் முதலில் வாயில் வைக்கும் இடம். மொக்கம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மீண்டும் பஞ்சடைத்துத் தைத்து முடிப்பதற்குள் பதில் தந்தி வந்தது. காத்திருக்கிறோம் என்று மட்டும் இருந்தது. யானைகள் அடுத்த கப்பலில் போயின. எண்பதுகள் முழுக்க அந்த ஜெர்மனிக்காரர் வேறு இடம் தேடவில்லை. கடைசிப் பரிசோதனைக்குக் காந்தத்தோடு மொக்கம்மாளையே உட்கார வைத்தாள் குருவம்மாள்.

சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று அவள் முதல் தம்ளரைத் தேவகிருபைக்கும் அடுத்ததை மொக்கம்மாளுக்கும் கொடுத்தாள்.

"எனக்கெதுக்குத்தா?" என்று கூசினாள் மொக்கம்மாள்.

"நீ அன்னைக்குச் சொன்னியே, அதுக்குத்தான். குடி, ஆறிரப் போகுது."