நாலு மூலையும் கறுத்த மலை அட்டை

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதமே என் கணவர் சரக்குக் கப்பலொன்றில் எஞ்சின் அறை வேலைக்குப் போய்விட்டார். அன்புவழிபுரத்து வீட்டில் நானும் அவருடைய தாயும், அதாவது மாமியும் மட்டும். கப்பலுக்குப் போன மற்ற ஆட்கள் ரேடியோவும் நைலெக்ஸ் சேலையும் கொண்டுவந்தார்கள். என்னவர் மலைப் படம் போட்ட தபால் அட்டை அனுப்பினார்.

எல்லாம் ஒரே மலை. ஜப்பானில் கப்பல் நிற்கும்போது லீவு கிடைத்தால், விடிய ரயில் ஏறிப்போய், புஜி எரிமலை தெரிகிற இடமெல்லாம் நடந்துவிட்டுப் பொழுதுபடக் கப்பலுக்குத் திரும்புவாராம். ஒருநாள் ஏரிக்கரையால், ஒருநாள் கணவாயொன்றின் மேலால். ஒருதரம் மூன்று மணித்தியாலம் ஏறிப்போனால் முகில் மூடிவிட்டதாம். சோற்றுருண்டையைத் தின்றுகொண்டு காத்திருந்தேன், பத்து நிமிடம் மலை முழுதாகத் தெரிந்தது, அது போதும் என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்சாதியை விட்டுப்போன மனிதருக்கு மலை பத்து நிமிடம் தெரிந்தால் போதுமாம்!

அட்டை மாமியின் பேருக்குத்தான் வரும். உறை இல்லாத அட்டையில் பெண்சாதிக்கு நேராக எழுத அந்தக் காலத்து ஆம்பிளைகளுக்கு வெட்கம். தாய்க்கு எழுதுவார்கள், பெண்சாதி வாசித்துக்கொள்வாள். ஆகவே அதெல்லாம் எனக்குத்தான் என்று நானே எடுத்துக்கொண்டேன். மாமி கண் மங்கல் என்று சொல்லி என்னிடம் வாசிக்கத் தருவார். நான் ஒரு வரியில் முடித்துவிடுவேன்.

"சுகமாம் மாமி. உங்களையும் சுகம் கேட்டவராம்."

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"வேறென்ன, மலைக் கதைதான்."

நாலாவது அட்டை வந்தபோது நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மாமியின் அலறல். அப்படியொரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஈரச் சேலையோடு ஓடினேன். வாசல் படலைக்கு வெளியே தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். மாமி மண்ணில் விழுந்து கிடந்தார்.

"நாலு மூலையும் கறுத்திருக்கு, தங்கச்சி," என்றார் தபால்காரர். "நான் வாசிக்கேல்லை. உள்ளுக்குக் கொண்டுபோகாதேங்கோ."

மூலையில் கறுப்புப் பூசி வருவது எங்கள் ஆட்களுக்குச் சாவுக் கடிதம். அதை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. வாசலில் வைத்து வாசித்துவிட்டுக் கிழித்துப்போட வேண்டும். மாமி வாசிக்கவே இல்லை, கண்டதும் நாலாகக் கிழித்துவிட்டார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபடியே தன் சேலைத் தலைப்பால் என் பொட்டை அழித்தாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு நிமிடத்தில் என்னைத் தாலி அறுத்தவளாக்கிவிட்டாள் பாவி. அந்தக் கையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அப்படியே மரத்துப்போய் நின்றபோதுதான் காலடியில் கிடந்த துண்டு கண்ணில் பட்டது. என் கணவரின் கையெழுத்து! செத்த மனிதர் தன் சாவைத் தானே எழுதி அனுப்புவாரோ? அவளைத் தள்ளிவிட்டு, நாலு துண்டையும் பொறுக்கி மண்ணில் பொருத்தி, உரத்து வாசித்தேன்.

"போன அட்டையில் சொன்னபடி எரிமலை மண் அனுப்புகிறேன். அடிவாரத்தில் நடந்தபோது அள்ளினது. கரிபோலக் கறுப்பு. இடித்துக் கோந்தில் குழைத்து நாலு மூலையிலும் பூசியிருக்கிறேன். தொட்டுப் பாருங்கோ."

போன அட்டையில் சொன்னபடி. ஓம், மண் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மலைப் புராணம்தானே என்று அதை மாமிக்கு வாசிக்காமல் விழுங்கியவள் நான்.

"உயிரோட இருக்கிறானோ?" மாமி எழும்பி உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் மண்.

"இருக்கிறார் மாமி. நீங்களே பாருங்கோ, அவரின்ரை எழுத்துத்தானே."

துண்டை நீட்டினேன். மாமி வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது, பிள்ளை."

சத்தம் கேட்டுக் கூடின சனம் கலைந்த பிறகு, மாமி அலுமாரிக்குள் இருந்த மற்ற மூன்று அட்டைகளையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதுகளையும் வாசி," என்றார். வாசித்தேன்.

"அன்புள்ள அம்மா, இந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் உங்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல இருக்கிறது. உங்களுக்குக் கால் உளைந்தால் நான் தூக்கிக்கொண்டு ஏறுவேன்."

மாமி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "இது எனக்கோ எழுதினவன்?"

"ஓம் மாமி."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க ஏலவில்லை. மூன்று அட்டையிலும் எழுதியிருந்ததெல்லாம் அவருக்குத்தான். என்னைப் பற்றி ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரேயொரு வரி இருந்தது. "ஒன்றும் விடாமல் வாசிக்கச் சொல்லி அவளிடம் கேளுங்கோ."

அந்த வரியை மட்டும் அன்றைக்கும் நான் வாசிக்கவில்லை.