ஆளில்லாத வீடு

பிள்ளைகளே, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம், ஒரு வருடக் கடைசி. ஈப்போவில் ஆற்றோரப் புறம்போக்கு நிலத்தில் நமக்கு ஒரு பலகை வீடு இருந்தது. பெரியவளுக்கு அப்போது எட்டு மாதம். சின்னவர்கள் இருவரும் பிறக்கவில்லை.

அதற்கு முன்னால் நாங்கள் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்து வீடு வேலை செய்கிறவனுக்குத்தான். ஒரு முறை என் அப்பா நோயில் படுத்துவிட, எல்லாரும் தைப்பிங்கில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டோம். திரும்பி வந்தபோது எங்கள் அடுப்பில் வேறு யாருடைய சோறோ கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் சாமான்கள் வெளியே மழையில் கிடந்தன. ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் போய்ச் சொன்னோம், அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லுவார்: "ஆளில்லாத வீடு நம்ம வீடு இல்லடா." முதலாளி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட, நாங்கள் ஈப்போவுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னோடு வந்துவிட்டது.

புறம்போக்கிலும் அதே பயம்தான். வீடுகளை இடிக்கப் போவதாகச் சொல்லி, அரசாங்க ஆட்கள் கதவுகளில் சிவப்புச் சாயத்தில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆளில்லாத வீட்டைத்தான் முதலில் உடைப்பார்களாம். அதனால் நானும் உங்கள் அம்மாவும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் காவல்.

ஆறோ வருடத்துக்கு வருடம் மேலே வந்தது. மலையில் காட்டை வெட்டினார்கள். ஈயச் சுரங்கத்து மணல் இறங்கி ஆற்றின் அடி மேடாகிவிட்டது. மழையும் முன்பு போல் பக்குவமாகப் பெய்யவில்லை. பெய்தால் ஒரே கொட்டு. முதல் வருடம் கணுக்கால், அடுத்த வருடம் முழங்கால். ஒவ்வொரு தடவையும் சேற்றை அள்ளிக் கொட்டி, பாயைக் காயவைத்து, மறுபடியும் குடியிருப்போம். அலுத்துத்தான் போயிற்று. ஆனால் வேறு எங்கே போவது?

அன்று மத்தியானம் தண்ணீர் நிற்காமல் ஏறியது. அக்கம்பக்கத்தார் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் உங்கள் அம்மாவைப் பிள்ளையோடு மேசை மேல் உட்காரவைத்தேன்.

"என்னாங்க, போயிரலாங்க. எல்லாரும் போயாச்சு."

"போனா வீடு போயிரும். முழங்காலோட நின்னுரும், பாரேன்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

நிற்கவில்லை. தண்ணீர் தொடைக்கு வந்தது. மேசை ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சீன அக்கா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஆற்றில் ஈயம் அலசிப் பிழைப்பவர். தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். ஈயம் அலசும் பெரிய மரத்தட்டை, டூலாங் என்போமே, அதை மிதக்கவிட்டு இழுத்து வந்திருந்தார்.

"தம்பி, பைத்தியமாலா நீ? இந்த வீட்ட யாரு எடுப்பா? கரையானே பாதி தின்னுட்டு வுட்டுருச்சி. பாப்பாவ குடு!"

"நீங்க போங்கக்கா, நான் வந்து…"

"நீ இரு. ஒன் வீட்ட கட்டிப் புடிச்சிட்டு இரு. பாப்பாவ குடுலா!"

உங்கள் அம்மா என்னைக் கேட்கவில்லை. பிள்ளையைக் கைலியில் சுற்றித் தட்டில் கிடத்தினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

நான் உடனே போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெளிக் கதவுக்குப் போட நான் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பூட்டு கையில் கிடைத்த நேரம் அம்மாவின் அலறல் கேட்டது. அவள் கால் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தட்டு சாய்ந்து, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. அக்கா ஒருவரே ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார். நான் பூட்டை வாசலிலேயே வீசிவிட்டுப் பாய்ந்தேன். தட்டின் விளிம்பை நான் பிடித்தபோது, பெரியவளே, நீ அழக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பள்ளிக்கூடத்துப் படியில் ஏறியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "வீட்ட பூட்டிட்டியா, தம்பி?" அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். வீடு ஒரு பக்கம் சாய்ந்து, கதவு திறந்தபடியே நின்றது. யாரும் உடைக்கவில்லை, யாரும் குடியேறவில்லை. அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதைக் காப்பாற்றத்தான் உன்னை அந்த மேசை மேல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டோம். ஒன்றும் என் மனதில் தங்கவில்லை. வீடு என்று யாராவது சொன்னால் இன்றும் என் கைக்குத் தெரிவது அந்த ஈரத் தட்டின் விளிம்புதான்.

அன்று அந்தப் பூட்டு வாசலில் சேற்றுக்குள் பாதி தெரிந்தது. நான் அதை எடுக்கவில்லை. மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அக்கா வருவதற்குள் அவருடைய வாசலிலிருந்து சேற்றை அள்ளத் தொடங்கினேன்.