கூடத்துச் சைக்கிள்களுக்கு இன்சூரன்ஸ்

மகளைப் பிரசவத்துக்குச் சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு அழைத்து வர எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிள்ளை பிறக்கும் வரை பயணமே கூடாது என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குத் துபாயில் வேலை. பிரசவத்துக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசி வரை தெரியாது. அவளால் வர முடியாது என்றால் நாங்கள் போக வேண்டியதுதான். முதல் தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனதால், இந்த முறை அவள் குரலில் எப்போதும் ஒரு நடுக்கம் இருந்தது.

"எம்மா, அப்பாவும் வருவாவல்லா?" என்று போனில் கேட்டாள்.

"வராம எங்க போவாவ?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் குந்தியிருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நான் எப்படிட்டி வர முடியும்? மாசக்கணக்கா வீட்டப் பூட்டிப் போட்டா சைக்கிள யாரு பாத்துக்கிடுவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கூடம் நாறும் என்பதால் விட்டேன். எங்களுக்குச் சேலைக்கடை இருக்கிறது. கடை முழுக்கச் சரக்கு இருக்கிறது. அதை என் தம்பி பொறுப்பில் விட்டுப் போக அவருக்கு ஒரு கவலையும் இல்லை. சைக்கிளை விட்டு வரத்தான் முடியாதாம்.

அந்தச் சைக்கிள்கள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ரதவீதியைச் சுற்றி நடந்து பார்த்தார். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் நிறுத்தி உடம்புக்கு என்ன என்று விசாரித்ததில் நடை நடக்கவில்லை. சைக்கிளில் போனால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று ஒன்று வாங்கினார். அதோடு விட்டிருந்தால் அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். விடியற்காலையில் கரிவலம் ரோட்டில் அவரோடு ஓட்டுகிற நண்பர்கள் சேர்ந்தார்கள். நண்பர்கள் சேர்ந்ததும் ஆசையும் சேர்ந்தது. இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய கறுப்புச் சைக்கிள் ஒன்று, கரிசல் காட்டுக்குள் போவதற்குத் தடித்த டயர் வைத்தது ஒன்று, மடித்து ரயிலில் கொண்டு போகிறது ஒன்று என்று கூடத்தில் நான்கு சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. நான்கின் விலையையும் சேர்த்தால் ஒரு பழைய கார் வாங்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். ஆனால் சர்க்கரை இறங்கியது, மூச்சு வாங்குவது நின்றது. அதனால் நான் வாயால் திட்டினாலும் ஒன்றையும் விற்கச் சொன்னதில்லை.

அவர் பயமும் வெறும் பயம் இல்லை. எங்கள் தெருவில் மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாத்தியார் வீட்டுப் பூட்டை உடைத்து, உள்ளே நின்ற மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே போயிருந்தார்கள். எதிர் வீட்டில் ஆள் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

இவருக்கு ஒரு காரணம் இருக்கப்போய்த்தானே பேசுகிறார், அந்தக் காரணத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறேன் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு இன்சூரன்ஸ் தேட ஆரம்பித்தேன்.

வீட்டுக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்த பாலிசி ஒன்று ஏற்கெனவே இருந்தது. எடுத்துப் படித்தால் தீ, இடி, வெள்ளம், நிலநடுக்கம் என்று போகிறது. திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கரன்கோவிலில் வெள்ளம் வந்து இவர் சைக்கிளை அடித்துக்கொண்டு போனால் நானே மேளம் வைத்து வழியனுப்புவேன். அதனால் பிரயோஜனம் இல்லை என்று மூடி வைத்தேன்.

அடுத்து ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசிய பெண் திருட்டும் சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். சந்தோஷமாகச் சைக்கிள் என்றேன். திருடு போனால் தருவதாக அவள் சொன்ன தொகையைக் கேட்டால், பால்காரர் சைக்கிளுக்குக்கூடப் பத்தாது. "எம்மா, இது அந்தச் சைக்கிள் இல்ல" என்று விளக்கினேன். கணினியில் சைக்கிளுக்கு அவ்வளவுதான் வருகிறது என்றாள். சைக்கிளுக்கென்றே தனியாகப் பாலிசி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புதுச் சைக்கிளாக இருந்தால்தான் எடுப்பார்களாம். இவருடையதில் பாதி பிறரிடம் வாங்கியது.

மூன்றாவதாக, எங்கள் கடையில் தீபாவளிக்குச் சேலை எடுக்கிற ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட். கடைக்கு வரச் சொன்னேன். நாங்கள் துணி விற்கிறவர்கள். முந்தானையையும் விரித்து, ஓரத்தையும் திருப்பிப் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. அப்படித்தான் அவளையும் கேள்வி கேட்டேன். சேலையை மடித்து வைக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வீட்டுச் சாமான்கள் என்று மொத்தமாகப் போட்டால் சைக்கிள் அதில் காணாமல் போய்விடும். ஒவ்வொரு சைக்கிளையும் அதன் மதிப்போடு தனித்தனியாகக் காட்ட வேண்டும். பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் திருட்டு. ஒரு மாதத்துக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் பாலிசி செல்லாது, அதனால் போவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை இதற்கு முன் பேசிய யாருமே சொல்லவில்லை. மாசக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகப்போகிறவளுக்கு இதைச் சொல்லாமல் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

"எக்கா, இத நான் மறைச்சா நாளைக்கு உங்க கடையில வந்து நிக்க முடியுமா?" என்றாள். அவளிடமே எடுத்தேன்.

அவள் சைக்கிள்களைப் படம் எடுக்க வந்த அன்று என் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமே. பெண் பார்க்க வருவதுபோல் நான்கையும் துடைத்து நிறுத்தியிருந்தார். சைக்கிளின் நம்பர் பெடலுக்குக் கீழே அடிவயிற்றில் பொறித்திருக்குமாம். அதைக் காட்டத் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். நான்கு சைக்கிளுக்கும் இப்படிப் படுத்து எழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பாலிசி வந்தது. வீடு பூட்டிக் கிடக்கலாம் என்ற சம்மதமும் வந்தது. அப்பாடா என்று இரண்டு பேருக்கும் சென்னை ரயிலில் டிக்கெட் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். கதவைத் திறந்தால் கூடம் வெறிச்சென்று கிடக்கிறது. டிவியும் நாற்காலிகளும் மட்டும் இருந்தன. "என்னங்க! என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பின்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

"ஏட்டி கத்துத? நான்தான் குடுத்து வச்சிருக்கேன்."

"எங்கன?"

"கறுப்பும் மடிக்கிறதும் கரிவலத்துல. மொத வாங்கினது மேலநீலிதநல்லூர்ல. தடி டயர் இளையரசனேந்தல்ல. எல்லாம் நம்ம கூட்டாளிய வீடுதான். இன்சூரன்ஸ் பணத்தத்தான தரும், சைக்கிளத் திருப்பித் தருமா? அதுக்குத்தான் ஒரே இடத்துல வைக்காம பிரிச்சு வச்சிட்டேன்."

எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் நகையை இப்படித்தான் செய்வார்கள். வளையல் ஒரு வீட்டில், ஆரம் இன்னொரு வீட்டில் என்று நம்பிக்கையான இடமாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்து வைப்பார்கள். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். அந்த மூளைதான் இவருக்கு அப்படியே வேலை செய்திருக்கிறது. எனக்கே ஒரு நிமிடம் இது சரிதானே என்று பட்டது. ஆனாலும் மனசு கேட்காமல் ஏஜென்ட் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

கேட்டதும் அவள் பதறிவிட்டாள். "எக்கா, அந்த வீட்டு நாலு சுவத்துக்குள்ள இருந்தாத்தான் நம்ம பாலிசி. கரிவலத்துல காணாமப் போச்சுன்னா நமக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இப்ப நீங்க வெறுங்கூடத்துக்கு இன்சூரன்ஸ் போட்டு வச்சிருக்கிய."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவரும் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை. நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அவர் போன் போட்டுச் சொன்னதும், மறுநாள் காலையில் நண்பர்கள் ஒவ்வொருவராக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் காபி போட்டேன். இளையரசனேந்தல்காரர் வந்த கோலத்தைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் கண்ணீர் வராத குறை. தடித்த டயர் முழுக்கக் கரிசல் மண் அப்பியிருந்தது, பின்னால் ஒரு சாக்குப்பை கட்டியிருந்தது.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. காட்டுல போயி எடுத்துட்டு நேரா வாரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பையை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "மதினி, நம்ம காட்டு உளுந்து. பிள்ள பெத்து எந்திரிச்சதும் மகளுக்குக் களி கிண்டிக் குடுங்க."

நான்கு சைக்கிளும் பழையபடி கூடத்தில் நின்றன. பாலிசியில் உள்ள நம்பரும் நின்ற சைக்கிளும் சரியாக இருந்தன. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. எல்லாரும் போன பிறகு, என் பெட்டியைக் கட்டிவிட்டு அவர் பெட்டியைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடந்தது. அவர் துணியை நனைத்து டயர் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சாயங்காலம் ரயிலு. நீங்க வாரியளா இல்லியா? இன்னும் என்னதான் செய்யணும் உங்க சைக்கிளுக்கு?"

துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் போட்டுட்ட. பிள்ளைக்கு எங்க போயிப் போடுவ?" என்றார். "மொதப் பிள்ள கலஞ்ச அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான்தான நின்னேன். நீ உள்ள அவ பக்கத்துல இருந்த. டாக்டரு வெளிய வந்து எங்கிட்டத்தான் சொன்னாவ. நான்தான் உங்கிட்ட வந்து சொன்னேன். இன்னொரு தடவ அந்த வாசல்ல நின்னு கேக்க எனக்குத் திராணி இல்லட்டி."

இத்தனை நாள் அவர் சைக்கிளைச் சொல்லி மறைத்தது இதைத்தான். எனக்கு அழுகை வந்தது. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அந்த வாசலை நானும் மறக்கவில்லை. ஆனால் அங்கே தனியாக நின்றவர் அவர் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"இந்தத் தடவ வாசல்ல நான் நிக்கேன். என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிடுதேன். நீங்க எனக்குப் பின்னால உக்காந்திருந்தாப் போதும். அவ உங்களத்தான் கேக்கா."

அவர் எழுந்து போய்ப் பெட்டியில் நான்கு சட்டையை எடுத்து வைத்தார். அவருக்கு மடிக்கத் தெரியாது. எடுத்து மடித்து வைத்தேன். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு பேரும் இழுத்துப் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம்.

சென்னையில் அவர் ஒரு முறைகூடச் சைக்கிள் பேச்சை எடுக்கவில்லை. மகளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். அவள் படுத்தபடியே பேப்பர் படித்துக் காட்டச் சொல்வாள், படித்துக் காட்டுவார். டாக்டர் குறித்த தேதிக்கு முன்பாகவே ரத்தம் பட்டது. அவசரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தோம். ஆபரேஷன் என்றார்கள்.

சொன்னபடி நான் கதவுக்கு நேராக நின்றேன். அவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்ததும் ஓரடி எடுத்து வைக்கலாம் என்றால் கால் வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னாலிருந்து அவர் எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய் டாக்டருக்கு முன்னால் நின்றார். அவர்கள் பேசியது என் காதிலும் விழத்தான் செய்தது. இருந்தாலும் அவர் திரும்பி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பொம்பளப் பிள்ளையாம். அவளும் நல்லா இருக்காளாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.