கடல் பழகிய பிறகு

நான் கத்தோலிக்கச் சுவாமியாராகப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் மீனவ ஊரான குருநகரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வள்ளம் கரையைத் தாண்டினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிறவன் வேறெங்கே போவான் என்று சிரித்தார்கள். அப்பாவும் தடுக்கவில்லை. "வள்ளத்திலை பாரமாய்க் கிடக்கிறதுக்குக் கோயிலிலை கிடக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, சுவாமியாராகப் படிப்பதற்குக் குருமடத்தில் சேர்த்துவிடும்படி கேட்டுப் பங்குச் சுவாமியிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கடல் ஒத்துக்கொள்ளேல்லை எண்டுதானே வாறாய்?"

"இல்லை, சுவாமி."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

ஊர் சிரித்ததைத் தாங்கியவனால் இதைத் தாங்க முடியவில்லை. நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. தேவ அழைத்தலா, வெறும் பயமா? யுத்தத்தில் நாடு இருந்த நிலையில் குருமடத்து மதிலுக்குள் இருப்பது எவ்வளவு பாதுகாப்பு என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அடுத்த வருசம்தான் போவன். அதுமட்டும் உங்களோடை தொழிலுக்கு வாறன்" என்றேன். தொழில் என்றால் எங்கள் பக்கத்தில் மீன்பிடிதான்.

வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு வலையை இழுத்தேன். நேவிக்குப் பயந்து கரையோரமாகவே தொழில் நடந்த காலம் அது; அந்தக் கொஞ்சக் கடலே என்னைப் புரட்டிப்போடப் போதுமானதாக இருந்தது. உள்ளங்கை கிழிந்து உப்புத் தண்ணீரில் எரிந்தது. திருநாளுக்குக் கோயிலுக்கு மீன் ஒதுக்கியபோது, வலையில் நசிந்த கொடுவா ஒன்றைக் கூடைக்குள் வைத்தேன். அப்பா அதை எடுத்து எறிந்துவிட்டு, அன்று பட்டதில் ஆகப் பெரியதை வைத்தார்.

"கோயிலுக்குக் குடுக்கிறதைப் பாத்துக் குடு."

வாந்தி எப்போது நின்றது என்று நினைவில்லை. ஒரு விடியற்காலை, வலை கனத்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் நிற்கிற இடத்தைச் சொன்னால், அப்பா மறுபேச்சில்லாமல் வள்ளத்தைத் திருப்பினார். கடல் எனக்குப் பிடித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, கூடவே, இனியும் குருமடம் போகத் தோன்றுமா என்று பயமாகவும் இருந்தது. தோன்றியது. முன்னைவிடப் பிடிவாதமாகத் தோன்றியது.

வருடம் முடிந்ததும் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இப்பதான் உனக்குத் தொழில் பிடிபட்டிருக்கு. இப்பிடி வலை இழுக்கிறவனை ஆராவது விடுவினமோ? நான் விடமாட்டன்."

"நான் போவன், அப்பா."

சந்தையில் மீன் விற்கிற அம்மாவுக்கு எதையும் பாதியாகச் சொல்லிப் பழக்கமில்லை. "போன வருசம் ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு இவனைக் கோயிலுக்குக் குடுக்கப் பாத்தியள். கோயிலுக்கு நசிஞ்ச மீன் குடுக்காத மனுசனெல்லோ நீங்கள்" என்றார். அப்பா கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவே என்னைச் சுவாமி தங்கியிருக்கிற அறைவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காய்த்துப்போன என் உள்ளங்கையை விரித்துச் சுவாமிக்குக் காட்டினார்.

"பாருங்கோ சுவாமி. என்ரை வள்ளத்திலை ஆகத் திறமான ஆள் இவன்தான்."

என் கையை விடுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கொண்டு போங்கோ" என்றார்.