ஃபிஷர் வீட்டுச் சம்பந்தம்

கடந்த ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஜெர்மனியில் இருக்கும் தம்பி அன்ரன், தான் கட்டப்போகும் பெண்ணின் பெற்றோர் அன்று மாலை வீடியோ அழைப்பில் வருவார்கள் என்றான்.
2. அம்மா கதிரைகளுக்கு உறை மாற்றினார்.
3. அப்பா, கிழிந்த வலையைப் பொத்த வேண்டும் என்று பள்ளிமுனைக் கரைக்குப் போய்விட்டார்.

மூன்றாவதுதான் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமையில் அப்பா வலையைத் தொடுவதே இல்லையே!

தேடிப் போய்க் காரணம் கேட்டேன். அப்பா சொன்னார்: பெண்ணின் தகப்பன் பல் டொக்டராம், தான் கடலுக்குப் போகிற ஆளாம், இருவருக்கும் கதைக்க என்ன இருக்கிறதாம். தம்பியின் கவலையோ வேறு. அப்பா முகம் காட்டாவிட்டால், அவருக்கு இந்தக் கலியாணத்தில் சம்மதமில்லை என்றுதான் அங்கே நினைப்பார்கள்.

நான் கணினி படித்தவள். ஆறுதல் சொல்ல வராது, தேடத்தான் வரும். பெண்ணின் குடும்பப் பெயர் ஃபிஷர். அங்கேயே நின்று போனில் தேடினேன். ஜெர்மன் மொழியில் அதற்கு மீனவர் என்று அர்த்தம்! அந்த நாட்டில் மிக அதிகமாகப் புழங்கும் பெயர்களில் ஒன்று. யூதக் குடும்பங்களிலும் உண்டு. மா அரைத்தவர், இரும்படித்தவர், துணி தைத்தவர் — எல்லோருடைய தொழிலும் அங்கே பெயராகி நிற்கிறது. பெயரிலேயே தொழிலை வைத்துக்கொண்டு அவர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். நாங்கள் ஏன் வலைக்குப் பின்னால் ஒளிகிறோம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அப்ப எங்கட ஆக்களோ?” என்று அப்பா எழும்பினார். வீட்டுக்கு வந்து சேர்ட்டும் மாற்றினார்.

அழைப்பு வந்தது. வணக்கம் சொன்ன கையோடு அப்பா, உங்கள் பக்கம் என்ன வலை போடுகிறீர்கள் என்று கேட்டார். தம்பி மொழிபெயர்த்தான். டொக்டர் சிரித்தார். தனக்கு நீந்தவே தெரியாதாம். அவர்களுடையது யூத வழிக் குடும்பம். எல்லோரும் குடும்பப் பெயர் பதிய வேண்டும் என்று முன்னொரு காலத்தில் அரசு சொன்னபோது, சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த மூதாதை ஒருவர் தன் தொழிலையே பெயராகக் கொடுத்தாராம்.

அப்பாவின் முகம் மாறியது. மீன் விற்றவரா?

எங்கள் கரையில் பிடிப்பவர் வேறு, விற்பவர் வேறு. படகு வந்ததும் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, விலையைப் பாதியாக்குபவர்தான் வியாபாரி. அப்பா யாரோடும் சண்டைக்குப் போகாதவர்... அவர்களைத் தவிர.

“இவை யாவாரியள் எல்லோ, பிள்ளை,” என்றார் என்னிடம், மெதுவாக.

மைக் திறந்திருந்தது. தம்பி அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தான். அங்கே டொக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இங்கே அம்மா செபமாலையைத் தேடினார்.

அப்பா கதிரையை முன்னால் இழுத்தார்.

“இவ்வளவு காலமும் யாவாரியின்ர வாயைப் பாத்துக்கொண்டு நான்தான் கரையில நிண்டனான். இண்டைக்கு ஒரு யாவாரி வீட்டுக்காரர் என்ர பிள்ளையைக் கேட்டு வந்திருக்கினம். சந்தோசமாத் தாறன் எண்டு சொல்லு தம்பி. ஆனா செவுளைத் தூக்கிப் பாக்க விடன் எண்டும் சொல்லு.”

தம்பி சொல்லி முடிப்பதற்குள் அங்கே சிரிப்பு வெடித்தது. தான் பல்லை மட்டும்தான் பார்ப்பேன் என்று டொக்டர் பதில் அனுப்பினார்.

இன்றைய நிலவரம்: கலியாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் பெண்வீட்டார் மன்னாருக்கு வருகிறார்கள். அப்பா படகுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டார்.