சந்துக் கேமரா அணைந்த சாயங்காலங்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தண்ணி மோட்டாரின் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போன பிறகுதான் என் கணவருக்குக் கேமரா எண்ணம் வந்தது. தியாகதுருகத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். கடைக்காரர் ஆறு கேமராக்களை எடுத்து வைத்துவிட்டு, பி.ஓ.இ. சுவிட்ச் என்று இரண்டு பெட்டிகளைக் காட்டினார். கேமராவுக்குக் கரண்டு போவதும் அதிலிருந்து படம் வருவதும் ஒரே கேபிளில்தான். அந்தக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி இது என்றார்.

"ரெண்டுலயும் எட்டு கேபிள் சொருகலாம் சார். ஆனா பெருசையே எடுத்துக்கங்க. சின்னது தாங்காது."

கணவர் என் காதருகே குனிந்தார். "நம்ம தலையில கட்டப் பாக்குறான்."

சின்னதையே வாங்கினோம்.

ஆறில் ஒரு கேமரா, எங்களுக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்கும் பொதுவான சந்துப் பக்கம் பார்த்திருந்தது. பாகம் பிரித்ததிலிருந்து அந்தச் சந்தில் இரண்டு வீட்டாரும் முகம் பார்க்காமல்தான் நடப்போம். கேமரா பொருத்திய அன்றே, பொழுது சாயும் நேரத்தில் அந்த ஒன்று மட்டும் அணைந்தது. விடிந்ததும் தானாக வந்தது. அடுத்த நாளும் அப்படியே.

"அவன்தான்" என்றார் கணவர். "இருட்டுனதும் ஒயரைப் புடுங்கறான், காலையில சொருகிடறான்."

"தெனமுமா அவருக்கு இதே வேலைங்க?"

"அவனைப் பத்தி உனக்குத் தெரியாது."

எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. கொழுந்தனார் சந்தில் செருமினாலே ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பெரும்பாலும் பால் தூக்குதான் இருந்தது.

ஒரு மத்தியானம் கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து ஊரே இருட்டிவிட்டது. டிவியில் தெரியும் கேமராப் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளையாக மாறின. சந்துப் படம் உடனே அணைந்தது. அன்று கொழுந்தனார் குடும்பத்தோடு எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் பூட்டு தொங்கியது.

சுவிட்சைத் திருப்பிப் பார்த்தேன். மொத்தம் அறுபது வாட்ஸ் என்று போட்டிருந்தது. கேமரா வந்த அட்டைப்பெட்டியில், இருட்டில் அதன் விளக்கு எரியும்போது பன்னிரண்டு வாட்ஸ் என்றிருந்தது. ஆறுக்கும் எழுபத்திரண்டு வேண்டும். பகலில் சமாளித்த பெட்டி, வெளிச்சம் குறைந்ததும் கடைசியாகச் சொருகிய சந்துக் கேமராவைக் கைவிட்டிருக்கிறது.

கணவரிடம் காட்டினேன். "சரி, பொட்டி கோளாறுதான்" என்றார். "அதுக்காக அவன் நல்லவன்னு ஆயிடுமா?"

பெரிய சுவிட்சை வாங்கி வந்து மாட்டினோம். அன்று சாயங்காலம் சந்துப் படம் அணையவில்லை. கொழுந்தனார் தன் சுவரில், எங்கள் வாசலைப் பார்த்தபடி ஒரு கேமராவைப் பொருத்துவது அதில் தெளிவாகத் தெரிந்தது.

நான் வெளியே போனேன். "இன்னாத்துக்குங்க இது?"

"உங்க வூட்டு கேமரா எங்க வாசலையே பாத்துக்கினு இருக்குதுங்க அண்ணி. எங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

உள்ளே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், எங்கள் கேமராவைத் தெருமுனைப் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் கொழுந்தனாரும் தன்னுடையதைத் திருப்பியிருந்தார். ஆனாலும் அதன் படத்தின் ஓரத்தில் எங்கள் வாசல்படி விழுமா விழாதா என்று கணவர் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.